நாற்காலி வந்தது, நாலணா வரவில்லை

2024இல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதனால் மாதம் 13,100 ரூபாய் என் கையை விட்டுப் போனது. கணக்கில் பிசகு இல்லை. தபால் ஆபீஸ்காரன், கூட்டல் கழித்தலில் சோடை போக மாட்டேன். சோடை போனதெல்லாம் மற்ற இடங்களில்தான்.

கோயம்புத்தூரில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த போஸ்டல் அசிஸ்டன்ட் நான். அடிப்படைச் சம்பளம் 52,000. மத்திய அரசின் கணக்கில் கோவை ‘ஒய்’ வகை நகரம். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து வீட்டு வாடகைப்படி 20 சதவீதம். ஆக 10,400 ரூபாய். போக்குவரத்துப்படியிலும் கோவைக்காரனுக்கு ஒரு யோகம் உண்டு. சென்னை, கோவை உள்ளிட்ட சில பெருநகரங்களில் என் நிலை ஊழியருக்கு 3,600, மற்ற ஊர்களில் 1,800. இரண்டுக்கும் மேலே அகவிலைப்படி. நான் எல்.எஸ்.ஜி. என்ற அடுத்த தரத்துக்கு உயர்ந்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊருக்கு சப் போஸ்ட்மாஸ்டராகப் போனேன். அங்கே ஆபீசுக்கு மேலேயே குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் இருந்தால் வாடகைப்படி கிடையாது. 10,400 போயிற்று. போக்குவரத்துப்படி 5,400 இருந்தது 2,700 ஆயிற்று. அடிப்படைச் சம்பளம்? அதே 52,000. ஒரு ரூபாய் ஏறவில்லை.

“வாடகையில்லாத வீடு கொடுத்திருக்கிறார்களே” என்று கேட்பீர்கள். மகள் கோவையில் பிளஸ் டூ. குடும்பம் அங்கேயே இருந்தது, வாடகையும் அங்கேயே இருந்தது. நான் மட்டும் மாடியில் ஒரு மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும் அறையில் இருந்தேன்.

ஆணை வந்த அன்று இதையெல்லாம் யோசிக்காமல் அரைக் கிலோ லட்டு வாங்கிப்போய்ப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அன்று ராத்திரி மனைவி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏங்க, லட்டுக் காசையும் இதுல சேத்துக்கலாமா?” என்றாள்.

பதவி உயர்ந்தும் சம்பளம் உயராதது எப்படி என்று வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நானும் முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறேன். என் மாமனாரிடம் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் இன்னொரு முறை.

ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தவர் கிளார்க்காகவே ஓய்வு பெறுவார். மேலே இருக்கும் நாற்காலிகள் அவ்வளவு குறைவு. இந்தத் தேக்கத்தை உடைக்க 1983இல் ஒரு ஏற்பாடு வந்தது: 16 ஆண்டு முடித்தால் நாற்காலி காலியாக இருக்கிறதோ இல்லையோ, அடுத்த ஊதிய விகிதம். 1991இல் 26 ஆண்டு முடித்தவர்களுக்கு இன்னொன்று. 2008 செப்டம்பரிலிருந்து மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் பொதுவாக எம்.ஏ.சி.பி. என்ற ஏற்பாடு வந்தது: 10, 20, 30 ஆண்டுகளில் மூன்று ஊதிய நிலை உயர்வு. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. இது இல்லாவிட்டால் என் தலைமுறையே ஆரம்பப் படியில் உட்கார்ந்து நரைத்திருக்கும். ஆனால் சம்பளத்தையும் நாற்காலியையும் அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். முதலில் சம்பளம் வந்தது, நாற்காலி வரவில்லை. இப்போது நாற்காலி வருகிறது, சம்பளம் வருவதில்லை.

என் கதையில் அது எப்படி என்றால், போஸ்டல் அசிஸ்டன்ட் ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் 4ஆம் நிலை, தொடக்கம் 25,500. முதல் எம்.ஏ.சி.பி.யில் 5ஆம் நிலை, இரண்டாவதில் 6ஆம் நிலை. 2022இல் நான் 6ஆம் நிலைக்குப் போய்விட்டேன். 2024இல் எனக்குக் கொடுத்த எல்.எஸ்.ஜி. பதவியோ 5ஆம் நிலை. இரண்டாவது மாடியில் நிற்பவனைக் கூப்பிட்டு, “உன்னை முதல் மாடிக்கு உயர்த்தியிருக்கிறோம்” என்று சொன்ன மாதிரி. ஏற்கெனவே வாங்கும் சம்பளத்தைக் குறைக்க மாட்டார்கள். அந்த மட்டும் கருணை. பதவி உயர்வுக்கென்று வழக்கமாகத் தரும் ஒரு இன்கிரிமென்ட்டை எம்.ஏ.சி.பி.யிலேயே தந்துவிட்டதால் மறுபடி கிடையாது.

வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கலாம். நிறைய பேர் கொடுக்கிறார்கள். எனக்கு முன்னால் சீனியாரிட்டி பட்டியலில் இருந்தவர்கள் வரிசையாக எழுதிக் கொடுத்ததால்தான் ஆணை உருண்டு உருண்டு என்னிடம் வந்தது. நான் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டவர்களிடம் விதியைச் சொன்னேன்: பதவி உயர்வை மறுத்தால், ஏற்கெனவே வாங்கிய எம்.ஏ.சி.பி. போகாது, ஆனால் அடுத்தது தள்ளிப்போகும். எனக்கு மூன்றாவது பாக்கி இருக்கிறது. விதி உண்மைதான். நான் சொன்ன காரணம் பாதி பொய். மீதிப் பாதி, எனக்குப் போஸ்ட்மாஸ்டர் ஆக ஆசை. கிராமத்தில் நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது போஸ்ட்மாஸ்டர் தெருவில் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். எனக்கும் நாலு பேர் காலை மடக்கட்டும் என்று நினைத்தேன். சேர்ந்த முதல் நாள் நான் படியேறும்போது வாசலில் உட்கார்ந்திருந்தவர் காலை நீட்டியபடியே, “ஆதார் திருத்துற ஆள் வந்துட்டாரா?” என்று கேட்டார்.

அந்த ஆபீசில் கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு அக்கா. முப்பது வருஷ சர்வீஸை முடித்தவர். மூன்று எம்.ஏ.சி.பி.யும் வாங்கி 7ஆம் நிலையில் இருப்பவர். அந்த நிலையின் தொடக்கமே 44,900. அவரோ அதில் பல படி தாண்டியவர். அவருக்கு மேலதிகாரி நான். அவருடைய விடுப்பு மனுவில் கையெழுத்துப் போடுவது நான், அவர் செய்யும் ஒவ்வொரு சேமிப்புக் கணக்கு வரவு செலவையும் கம்ப்யூட்டரில் சரிபார்த்து ஒப்புதல் தருவது நான், அவரைவிடச் சில ஆயிரம் குறைவாகச் சம்பளம் வாங்குவதும் நான். நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது, அந்த நாற்காலி முதலில் அவருக்குத்தான் வந்திருக்கிறது.

“ஏனுங் சார், மூணாவது எம்.ஏ.சி.பி.யும் வாங்கியாச்சு, இனிமே எனக்கு என்னத்தைத் தள்ளிப் போடுவாங்க? வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க ஏனுங் சார் வந்தீங்க?” என்றார். அந்தக் கேள்வியில் கேலி துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மூன்றாவது எம்.ஏ.சி.பி.யைப் பற்றிச் சொன்னேன்.

ஆரம்பத்தில் அவர்மேல் எனக்குப் பொறாமை என்று ஒப்புக்கொள்கிறேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, சம்பளப் பட்டியலைத் திறந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. அவருக்கும் எனக்கும் வித்தியாசம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வகுத்து வைத்திருந்தேன். அவர் தப்பாக எதையும் வாங்கவில்லை. முப்பது வருஷம் உழைத்ததற்கு வாங்குகிறார். என் நாற்காலிக்கு விலை வைக்காதவர்கள் வேறு எங்கோ இருக்க, கண்ணுக்கு எதிரில் இருந்தவரிடம் எரிச்சல்பட்டேன். மேற்பார்வை நிலையில் இருக்கும் எங்களில் பலருக்கு இந்த வியாதி உண்டு. மேலே பார்த்துக் கேட்பதைவிடப் பக்கத்தில் பார்த்துப் புழுங்குவது சுலபம்.

இந்த நாற்காலியின் விலை என்ன என்று எங்களுக்குப் புரிய வைப்பது மோசடி வழக்குகள்தான். சேமிப்பு வங்கி வேலை இப்போது ஃபினாக்கிள் மென்பொருளில். ஒருவர் பதிவு செய்வார், மற்றொருவர் சரிபார்ப்பார். கவுன்ட்டரில் யாராவது கைவரிசை காட்டினால், சரிபார்த்த சூப்பர்வைசருக்குத் துறையில் ஒரு பட்டம் காத்திருக்கிறது: ‘சப்சிடியரி அஃபெண்டர்’. காசைத் தொட்டிருக்க வேண்டியதே இல்லை. கவனிக்கத் தவறியதால் அரசுக்கு நஷ்டம் என்று ஒழுங்கு நடவடிக்கை விதி 16இன் கீழ் சார்ஜ் ஷீட் வரும், சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடிப்பார்கள். இரும்புப் பெட்டியின் இரண்டு சாவியில் ஒன்று என் இடுப்பில். வெகுமதி அக்காவுடன் ஒரே தரத்தில்கூட இல்லை. தண்டனை மட்டும் தனித் தரத்தில்.

என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவருக்கு இப்படிப் பிடித்தம் ஆரம்பித்ததைக் கேட்டதிலிருந்து நான் ஒவ்வொரு பணமெடுப்புப் படிவத்தையும் கையெழுத்தோடு கையெழுத்து வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கத் தொடங்கினேன். நிஜமாகவே பூதக்கண்ணாடி, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கினேன். வரிசை ஆபீசைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. கைநடுக்கம் உள்ள ஒரு பாட்டி போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினேன். திருப்பிப் போட்டதும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் பாட்டி, “தம்பி, நீயே போட்டுக்க. காசு மட்டும் குடு” என்றார். அக்கா எழுந்து வந்து, “சார், இவங்க எங்க தெருதானுங்” என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பூதக்கண்ணாடி இப்போது மகளிடம் இருக்கிறது.

சரி, எனக்கு வந்து சேர வேண்டியதையாவது ஒழுங்காக வாங்கினேனா என்றால் அதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் இரண்டாவது எம்.ஏ.சி.பி. வந்தபோது ஒரு ஆப்ஷன் படிவம் தந்தார்கள். சம்பளத்தை அன்றைய தேதியிலிருந்தே நிர்ணயிக்க வேண்டுமா, அடுத்த இன்கிரிமென்ட் தேதியான ஜூலை 1லிருந்தா? ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைய தேதிதான். அன்றைய தேதி என்றால் எனக்கு உடனே 50,500. ஜூலைக்குத் தள்ளிப் போட்டால் அதுவரை 49,000தான். ஆனால் ஜூலையில் இரண்டும் சமமாகிவிடும், அதன் பிறகு அடுத்த இன்கிரிமென்ட் ஜூலைக்குப் பதில் ஜனவரியிலேயே வரும். அதாவது சில மாதங்கள் 1,500 ரூபாய் விட்டுக்கொடுத்தால், ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் ஆறு மாதம் முன்னதாகவே இன்கிரிமென்ட்.

எது லாபம் என்று எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். நான் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். பிறகு அகவிலைப்படி கூடினால் எப்படி என்று இன்னொரு பட்டியல். எட்டாவது ஊதியக் குழு வந்தால் என்ன ஆகும் என்று மூன்றாவது. மாதம் 1,500 ரூபாய் கண்முன்னே குறைவதைப் பார்க்க மனசு வரவில்லை. படிவம் மேசை இழுப்பறையில், பி.பி.எஃப். விண்ணப்பக் கட்டுக்கு அடியில் கிடந்தது. அந்த மாதம் முழுக்கக் கவுன்ட்டருக்கு வந்தவர்களிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன் தெரியுமா? “பொறுமையா போட்டு வைங்க சார், பதினஞ்சு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு இருங்க, அப்புறம் பாருங்க.” பதினைந்து வருஷம் பொறுக்கச் சொன்னவன் ஒன்பது சொச்சம் மாதம் பொறுக்க முடியாமல் படிவத்தைத் தொலைத்தேன். கெடு முடிந்து நான்கு நாள் கழித்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்க மறுத்தார்கள். விதிப்படி சரி. நானும் தினம் அப்படித்தானே மறுக்கிறேன், நாலு மணிக்கு மேல் வருகிற ஸ்பீட் போஸ்ட்டை.

பிறகு குவார்ட்டர்ஸ். வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று சான்று வந்தால் அதைப் பதவியிலிருந்து கழற்றிவிடுவார்கள். அதற்கு ‘டீ-குவார்ட்டரிங்’ என்று பெயர். பிறகு அந்த ஊருக்குரிய வாடகைப்படி, 10 சதவீதம், கிடைக்கும். அந்த வீடு எந்த நீதிமன்றத்திலும் ஜெயிக்கும். மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறி இந்திய வரைபடம் போல ஒன்று நிற்கும். வருஷா வருஷம் அதில் கொஞ்சம் நிலப்பரப்பு கூடும். விண்ணப்பம் போட்டேன். பல நினைவூட்டல்களுக்குப் பிறகு பார்வையிட ஒரு பொறியாளர் வருவதாகத் தகவல் வந்தது.

இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் வீடு அசிங்கமாகவா இருப்பது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒட்டடை அடித்தேன். ஈரம் தெரிந்த இடத்தில் நகைக்கடைக் காலண்டரை மாட்டினேன். ஜன்னலுக்குப் புதுத் திரை. பொறியாளர் வந்தார், உட்கார்ந்தார், வடையும் காபியும் சாப்பிட்டார். “வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க சார்” என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலண்டரைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை. அறிக்கையில் ‘குடியிருக்க ஏற்றது, சிறு பழுதுகள் உண்டு’ என்று வந்தது. அடுத்த மழைக்கு இந்தியா காலண்டரைத் தாண்டி விரிந்தது.

ஆண்டு ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடமாவது குறையைச் சொல்வோம் என்றால், அவர் தன் குறையோடு வந்திருந்தார். துறைத் தேர்வெழுதி இன்ஸ்பெக்டர் ஆனவர். ஆறாவது ஊதியக் குழுக் காலத்துப் புண் இன்னும் ஆறவில்லை அவருக்கு. வருமானவரி இன்ஸ்பெக்டருக்கு அப்போது தர ஊதியம் 4,600. தபால் இன்ஸ்பெக்டருக்கு 4,200. நேரடி ஆளெடுப்பு இரண்டுக்கும் ஒரே தேர்வு, ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் அதே பட்டதாரித் தேர்வு. “ஒரே பரிட்சை, ஒரே மார்க்கு. அவன் காரில் போய் ரெய்டு பண்றான், நான் டவுன் பஸ்ஸில் கிளை ஆபீஸுக்குப் போய் ஸ்டாம்ப் எண்ணிட்டு வர்றேன்” என்றார். சங்கங்கள் பல ஆண்டு போராடி, தீர்ப்பாயம் வரை போன விவகாரம். இப்போது அந்தத் தேர்வின் அறிவிப்பில் இரண்டு இன்ஸ்பெக்டர்களுமே 7ஆம் நிலையில்தான் இருக்கிறார்கள். அதைச் சொன்னேன். “இழந்த வருஷங்களை யார் தருவா?” என்றார். பதில் இல்லை என்னிடம்.

அவர் வருமானவரிக்காரரைப் பார்த்துப் புழுங்குகிறார், நான் அக்காவைப் பார்த்து. இருவரும் அன்று மாலை வரை மாற்றி மாற்றிப் புலம்பினோம். நெஞ்சு லேசாயிற்று. இவ்வளவு நெருங்கிப் பேசியவர் ஆய்வறிக்கையில் நம்மை விட்டுவிடுவார் என்று நம்பினேன். பக்கம் பக்கமாகக் குறை எழுதியிருந்தார். அதில் ஒன்று: ‘சப் போஸ்ட்மாஸ்டர் அலுவல் நேரத்தில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.’

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. நாடு தழுவிய ஒரு நாள் வேலைநிறுத்தம். கோரிக்கைகளில் எம்.ஏ.சி.பி. குளறுபடியும் ஊதிய முரண்பாடுகளும் உண்டு. நான் சங்கத்தில் இருக்கிறேன். சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்தம். ஆனால் வேலைநிறுத்தம் செய்தால் அன்றைய சம்பளம் கிடையாது, சர்வீஸிலும் ஒரு வடு. போகாமல் இருந்தால் தோழர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நான் கண்ட நடுவழி: ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்து உள்ளே உட்கார்ந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் மூடியிருக்கும், கோட்ட அலுவலகத்திலிருந்து கேட்டால் திறந்திருக்கும். பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வந்தது: எத்தனை பேர் வருகை, எத்தனை பேர் வேலைநிறுத்தம்? ‘வருகை 1, வேலைநிறுத்தம் 1’ என்று அனுப்பினேன். அந்த ‘வேலைநிறுத்தம் 1’ அக்கா.

மறுநாள் அக்கா வந்து வழக்கம்போல சாவியைப் பெற்றுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. என் ஒரு நாள் சம்பளத்தைவிடப் பெரிய தொகை. அந்தக் கோரிக்கை நிறைவேறினால் அவருக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை. மூன்று எம்.ஏ.சி.பி.யும் முடிந்தவர். லாபம் அடையப் போகிறவன் ஷட்டருக்குள் இருந்தேன். அன்றோடு வகுத்தல் கணக்கை நிறுத்தினேன்.

மனு எழுதினேனா என்று சங்க நண்பர்கள் கேட்பார்கள். எழுதினேன். பொறுப்புக்கேற்ற ஊதியம் என்று எங்கோ படித்த தீர்ப்பையெல்லாம் திரட்டி, மூன்று பக்கத்தில். ‘தக்க வழியில்’ போக வேண்டும் என்பதால் நானே உறையில் இட்டு, நானே தேதி முத்திரை குத்தி, நானே பையில் போட்டு, நானே அரக்கு வைத்து அனுப்பினேன். பதில் ஒரு வரியில் வந்தது: விதிகளில் இடமில்லை. அதையும் நானே பை பிரித்து, நானே பதிவேட்டில் ஏற்றி, எனக்கே வழங்கினேன். இந்திய அஞ்சலில் இவ்வளவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் வேறு இருக்காது.

இனிமேலாவது கூடுமா என்று அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தேன். அடுத்த பதவி எச்.எஸ்.ஜி. இரண்டு. அது 6ஆம் நிலை. நான் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறேன், ஆகவே பூஜ்யம். அதற்கு அடுத்தது எச்.எஸ்.ஜி. ஒன்று, 7ஆம் நிலை. இதில்தான் அட்டவணை போட்டவரின் சாமர்த்தியம் இருக்கிறது. 6ஆம் நிலைப் பத்தியில் ஒன்பதாவது கட்டத்திலிருந்து பாருங்கள்: 44,900, 46,200, 47,600, 49,000, 50,500. 7ஆம் நிலைப் பத்தியில் முதல் கட்டத்திலிருந்து பாருங்கள்: 44,900, 46,200, 47,600, 49,000, 50,500. அதே எண்கள். 8ஆம் நிலையும் 47,600இல் தொடங்கி அதே வழியில்தான் போகிறது. சர்வீஸ் கூடியவருக்கு இந்த நிலைகளுக்கிடையே நடப்பது இடமாற்றம்தான். கிடைப்பது மூன்று சதவீத இன்கிரிமென்ட் ஒன்று, அதுவும் மூன்றாவது எம்.ஏ.சி.பி. முந்திக்கொள்ளாமல் இருந்தால். ஒரு தலைமைத் தபால் ஆபீசின் கஜானா, நாற்பது ஐம்பது ஊழியர்கள், அத்தனை சார்ஜ் ஷீட் அபாயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசு வைத்திருக்கும் விலை அந்த மூன்று சதவீதம்.

1946இல் நாடே அதிர்ந்த தபால்காரர் வேலைநிறுத்தம் நடந்த காலத்தில் அமைந்த முதல் ஊதியக் குழுவின் தலைவர் வரதாச்சாரியார். குறைந்தபட்சச் சம்பளம் 55 ரூபாய் என்று சொன்ன குழு அது. ஐந்தாவது குழுவின் தலைவர் ரத்தினவேல் பாண்டியன். இரண்டு பேரும் நம் ஊர்க்காரர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையால் சம்பளம் ஏறாது என்பதும் தெரியும். குறைந்தபட்சம் 55இலிருந்து ஏழாவது குழுவில் 18,000 வரை வந்திருக்கிறது. அடிமட்டத்தைத் தூக்குவதில் குழுக்கள் கவனமாகத்தான் இருந்திருக்கின்றன, இருக்கவும் வேண்டும். உச்சியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நடுவில் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு நிற்கிறவனைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. அறிக்கை தர 18 மாதம். சங்கங்கள் கேட்கும் பட்டியல் நீளம். மேற்பார்வை நிலையில் இருக்கும் எங்களுக்காக அதில் ஒன்றே ஒன்று நின்றால் போதும்: எம்.ஏ.சி.பி. வாங்கியிருந்தாலும் வாங்காவிட்டாலும், பொறுப்புள்ள நாற்காலியில் நிஜமாக உட்கார்கிறவருக்கு அதற்கென்று ஒரு இன்கிரிமென்ட். அது முடியாதென்றால் அந்த நாற்காலியில் இருக்கும் காலத்துக்கு மட்டும் ஒரு படி. பெரிய தொகை வேண்டாம். இந்த ஒன்றைச் செய்தால் பதவி உயர்வை மறுக்கும் வரிசை பாதியாகக் குறையும், ஒற்றைக் கையெழுத்துக்காக மக்கள் காத்திருக்கும் காலிப் பணியிடங்களும் குறையும்.

தபால் ஆபீஸில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எம்.ஏ.சி.பி. ஆணை வந்தால் ஆப்ஷன் படிவத்தை இழுப்பறையில் வைக்காதீர்கள். ஒரு மாதம்தான் கெடு. ஜூலைக்கா, ஆணைத் தேதிக்கா என்று சந்தேகம் இருந்தால் சங்கத்தில் கேளுங்கள், கணக்குப் பிரிவில் கேளுங்கள்; என்னிடம் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.